கடல் தாண்டிய மெட்டு – 7: ஸ்கை தீவிலிருந்து சென்னைக் கோட்டைக்கு

சென்ற வாரம்: இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டில் முத்துசுவாமி தீட்சிதர் சங்கீத சியாமளையைப் பாடியதைப் பார்த்தோம். அரசனுக்கு உரிய மெட்டு அம்பாளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மெட்டு உலகறிந்தது; அதன் ஊரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் தீட்சிதரின் பாடல்களில் இன்னொன்று, யாரும் எதிர்பாராத ஒரு தீவின் பக்கம் கை காட்டுகிறது என்று சொல்லி நிறுத்தியிருந்தோம்.

முன்கூடத்துப் பள்ளி

தில்லி சரோஜினி நகருக்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேரத் தொடங்கியபோது அதன் பெயர் விநய் நகர். மத்திய அரசு அலுவலகங்களில் வேலை, அரசு தந்த குவார்ட்டர்ஸில் குடித்தனம். பின்னாளில் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் பெயரை அந்தப் பகுதிக்குச் சூட்டினார்கள். தென்னாட்டு முறையில் விநாயகருக்கு ஒரு கோயில் எழுந்தது. அடுத்திருக்கும் லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி வந்தது. இவற்றோடு, பெயர்ப்பலகை இல்லாத இன்னொரு பள்ளியும் பல வீடுகளில் நடந்தது. அது பாட்டு மாமியின் முன்கூடம்.

விஜயதசமியன்று வெற்றிலை பாக்குத் தட்டோடு குழந்தையைக் கொண்டுவந்து விடுவார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று பாடம் நகரும். தொண்டை கொஞ்சம் பழகியதும் மாமி ஒரு குட்டிப் பாட்டை எடுப்பார். ‘சக்தி ஸஹித கணபதிம்’, ‘சியாமளே மீனாட்சி’, ‘வர சிவ பாலம்’ இப்படி ஏதாவது ஒன்று. அசைவோ குழைவோ இல்லாமல் நேராக ஓடும் மெட்டு என்பதால் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கூடவே ஒரு கேள்வியும் எழும்: “மாமி, இது ஏன் ஸ்கூல் பேண்டு வாசிக்கிற மாதிரியே இருக்கு?”

குழந்தைகளின் காது பொய் சொல்வதில்லை. தை மாதக் குளிரில் குடியரசு தின ஒத்திகைக்கு வரும் ராணுவ வாத்தியக் குழுக்களின் பைப் இசையும், மாமியின் கூடத்தில் ஒலிக்கும் அந்தச் சமஸ்கிருதப் பாட்டும் தூரத்து உறவினர்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை வடக்குக் கடலோரத்தில் இருக்கிறது.

தீட்சிதர் இப்படி ஏறத்தாழ 40 பாடல்களைச் செய்திருக்கிறார். நொட்டுஸ்வர சாகித்தியம் என்று அவற்றுக்குப் பெயர். எல்லாமே சங்கராபரண ராகத்தின் சுரங்களில் அமைந்தவை. மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஒரே ஏழு சுரங்களில் நிற்பதால் அந்த மெட்டுகளுக்கு அங்கே இயல்பாக இடம் கிடைத்தது. அவற்றில் ஒன்று ‘ஜகதீச குருகுஹ’. அதன் மெட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ‘லார்டு மெக்டொனால்டின் ரீல்’.

மெக்டொனால்டு பிரபு, ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் கிடக்கும் ஸ்கை தீவின் தலைவர்களில் ஒருவர். தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. இவர்களுக்கு நடுவே ஒரு மெட்டு நடந்து வந்திருக்கிறது என்றால், அதற்குப் பாதை போட்டவர்கள் யார்?

விடையின் முதல் நுனி, தமிழ்நாட்டின் ஒரு போர்க்களத்தில் கிடைக்கிறது.

பரங்கிப்பேட்டையில் ஒலித்த பைப்

1780-ஆம் ஆண்டு சனவரி மாதம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் திரட்டப்பட்ட 73-ஆம் ஹைலேண்டர் படை சென்னைக் கரையில் இறங்கியது. பின்னாளில் 71 என்று எண் மாறிய படை இது. அதே ஆண்டு ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் பாய்ந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. பெய்லியும் ஸ்காட்லாந்துக்காரர். இந்த ஹைலேண்டர் படையின் இரண்டு பிரிவுகள் அவரோடு இருந்தன. சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் டேவிட் பெயர்டு. 1799-இல் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு நுழைந்த படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

1781 ஜூலை 1. பரங்கிப்பேட்டையில் ஹைதரின் படையும் ஐர் கூட்டின் படையும் மோதின. குண்டு மழைக்கு நடுவே 73-ஆம் படையின் பைப்காரர் ஒருவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். சண்டை கடுமையான இடங்களில் எல்லாம் அவருடைய பைப் இன்னும் உரக்கக் கேட்டது. அதுவரை அந்த வாத்தியத்தைப் பெரிதாக மதிக்காத தளபதி கூட், அந்த மனிதருக்கு வெள்ளியில் பைப் செய்து தருவேன் என்று களத்திலேயே வாக்களித்தார். அந்தப் படையின் வரலாற்றில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி இது.

அந்த நாளில் முத்துசுவாமி தீட்சிதர் சிறு குழந்தை. பிறந்தது 1770-களின் நடுவில். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, கொள்ளிடமும் காவிரியும் கடந்து போனால் திருவாரூர். சோழநாட்டு ஊர்கள் ஹைதரின் குதிரைப்படைக்கு அஞ்சி நடுங்கிய காலம் அது.

போர் முடிந்த பிறகும் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1787-இல் இந்தியாவுக்கென்றே 74-ஆம் ஹைலேண்டர் படை திரட்டப்பட்டது. கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ, ராணுவத்தில் சாதாரணப் பயிற்சி வீரனாக 1780-இல் சென்னைக்கு வந்து, 1820-இல் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்தார். லூயிஸ் தீவைச் சேர்ந்த காலின் மெக்கன்சி ஊர் ஊராக நிலம் அளந்து, போகும் வழியெல்லாம் சுவடி திரட்டினார். 1821-இல் எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்றே புனித ஆண்ட்ரூ கர்க் திறக்கப்பட்டது. சென்னை அன்று பாதி ஸ்காட்லாந்துக்காரர்களின் பிழைப்பிடம்.

பிழைக்க வந்தவர்கள் பிறந்த ஊரின் இசையையும் கொண்டுவந்தார்கள். படையில் ஃபைஃப் என்னும் சிறு குழல், முரசு, பைப். அதிகாரிகளின் விருந்து மண்டபத்தில் பிடில். விருந்து என்றால் நடனம், நடனம் என்றால் ரீல். நான்கு தட்டில் வேகமாக ஓடும் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப வரும். ஆடுகிறவர்கள் களைக்கும்வரை வாசிக்கலாம்.

படைகள் வந்த வழி தெரிந்துவிட்டது. ஆனால் ரீலுக்குப் பெயர் கொடுத்த பிரபு சென்னைக்கு வந்ததே இல்லை. அவருடைய சொந்தத் தீவிலோ, அதே சமயம் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊரைக் காலி செய்த நடனம்

1773-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனும் அவருடைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் ஸ்கை தீவின் ஆர்மடேலுக்கு வந்து சேர்ந்தார்கள். வரவேற்றவர் சர் அலெக்ஸாண்டர் மெக்டொனால்டு. ஈட்டனில் படித்தவர். பிடில் வாசிப்பதில் தேர்ந்தவர், மெட்டும் கட்டுவார். இத்தனை இருந்தும் விருந்தாளிகளுக்கு அவர்மேல் நல்லெண்ணம் பிறக்கவில்லை. குத்தகையை ஏற்றிக்கொண்டே போகும் நிலப்பிரபுக்களால் தீவு மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதை அவர்கள் நேரில் பார்த்தார்கள்.

அந்தத் தீவில் அப்போது புதிதாக ஒரு நடனம் பரவியிருந்தது. அதன் பெயரே ‘அமெரிக்கா’. முதலில் ஒரு ஜோடி சுழலத் தொடங்கும். அதைப் பார்த்து அடுத்த ஜோடி. கடைசியில் மண்டபமே சுழலும். ஒரு குடும்பம் கப்பலேறினால் அடுத்த குடும்பமும் கிளம்பி, கடைசியில் ஊரே காலியாவதைக் காலால் ஆடிக்காட்டிய நடனம் அது. பாஸ்வெல்லே ஆர்மடேலில் அதை ஆடியிருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார்.

1776-இல் சர் அலெக்ஸாண்டர் மெக்டொனால்டு, பிரபுப் பட்டம் பெற்று லார்டு மெக்டொனால்டு ஆனார். இங்கே நமக்கு ஒரு தடயம் கிடைக்கிறது. ரீலின் பெயரில் ‘லார்டு’ இருப்பதால் அந்தப் பெயர் 1776-க்கு முன்பு இருந்திருக்க முடியாது. ஆக, மெட்டின் பெயரும் முத்துசுவாமி தீட்சிதரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்!

பிடில் மேதை நீல் கோவும் அவருடைய மக்களும் 1784 முதல் ரீல்களை அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். அச்சேறிய மெட்டுகள் எடின்பரோவிலிருந்து லண்டனுக்கும் அங்கிருந்து கப்பல்களுக்கும் பரவின. குடிபெயர்ந்தவர்களோடு மேற்கே போன லார்டு மெக்டொனால்டின் ரீல், அமெரிக்காவின் தெற்கு மலைகளில் ‘லெதர் பிரிச்சஸ்’ என்று புதுப் பெயர் பூண்டது. அங்குள்ள நாட்டுப்புற பிடில்காரர்கள் இன்றும் அதை வாசிக்கிறார்கள். பிரபுவின் பெயர் உதிர்ந்து, தோல் கால்சட்டை மிஞ்சியது.

மேற்கே போனவர்கள் ஏழைக் குடியானவர்கள். கிழக்கே வந்தவர்கள் படைவீரர்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும். ஒரே தீவுக் கூட்டத்தின் துயரமும் பேராசையும் ஒரே மெட்டை இரண்டு திசையில் எறிந்தன. கிழக்கே விழுந்த மெட்டைக் காதில் வாங்கிக்கொள்ளக் கோட்டை வாசலில் ஒரு குடும்பம் காத்திருந்தது.

மணலியிலிருந்து கோட்டைக்கு

ஹம்சத்வனி ராகத்தைத் தந்த ராமசுவாமி தீட்சிதர், தம் குடும்பத்தோடு சென்னைக்கு வடக்கே மணலியில் வந்து தங்கினார். அழைத்து ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். அவருக்குப் பின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் அந்தக் குடும்பத்தைத் தாங்கினார். சின்னையா முதலியார் என்றும் அவரைச் சொல்வார்கள். கம்பெனியின் துபாஷி அவர். வெள்ளைக்காரரின் பேச்சும் நம்மவர் பேச்சும் அவர் வழியாகத்தான் கைமாறின. கோட்டைக்குள் போகவும் வரவும் அவருக்குத் தடையில்லை.

அவர் தீட்சிதர் குடும்பத்தைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் பேண்டு வாத்தியம் கேட்கச் செய்தார். ராமசுவாமி தீட்சிதரின் பிள்ளைகளில் மூத்தவர் முத்துசுவாமி, அடுத்தவர் சின்னசுவாமி, இளையவர் பாலுசுவாமி. கேட்ட இசை ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக வேலை செய்தது. பாலுசுவாமிக்கு அந்த வாத்தியத்தின்மேலேயே ஆசை பிறந்தது. முதலியார் ஓர் ஐரோப்பிய ஆசிரியரை அமர்த்தி அவருக்குப் பிடில் கற்பித்தார். நிமிர்த்தித் தோளில் வைத்து வாசிக்கும் அந்த வாத்தியம், நம் கச்சேரிக்குள் நுழைந்த முதல் வாசல்களில் பாலுசுவாமியும் ஒன்று. பிறகு தீட்சிதரின் சீடர் தஞ்சை வடிவேலு அதில் பெயர் பெற்றார். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தில் இழைத்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

முத்துசுவாமி வாத்தியத்தைத் தொடவில்லை. மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொண்டார். பாட்டெழுதும் வேகம் அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. கேட்டதும் எழுதிவிட்டார், ஆகவே நொட்டுஸ்வரங்கள் அவருடைய இளமைக்கால விளையாட்டு என்று பலரும் நம்புகிறார்கள். மேடையில் சொல்லப்படும் கதையும் அதுவே.

ஆனால் ‘ஜகதீச குருகுஹ’ பாடலின் தலைப்பிலேயே இந்தக் கதைக்கு எதிரான சாட்சி ஒன்று உட்கார்ந்திருக்கிறது!

முத்திரை சொல்லும் சாட்சி

மணலியில் இருந்தபோது சிதம்பரநாத யோகி என்னும் துறவி வந்தார். முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். பெற்றோர் மனமில்லாமல் விடைகொடுத்தார்கள். காசியில் பல ஆண்டுகள் குருவோடு இருந்த முத்துசுவாமி, கங்கையில் கிடைத்த ஒரு வீணையோடும் ஸ்ரீவித்யா உபதேசத்தோடும் திரும்பினார். வந்த பிறகு திருத்தணிக்குப் போனார். அங்கே முருகன் முதியவர் உருவில் வந்து வாயில் கற்கண்டு இட்டதாகப் பரம்பரை சொல்கிறது. அங்கேதான் மாயாமாளவகௌளையில் முதல் கீர்த்தனை பிறந்தது. அன்று முதல் ‘குருகுஹ’ அவருடைய முத்திரை ஆயிற்று.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். குருகுஹ முத்திரை திருத்தணிக்குப் பிறகு வந்தது. திருத்தணி, காசிக்குப் பிறகு. காசி, மணலிக்குப் பிறகு. கோட்டையில் மெட்டைக் கேட்டது மணலியில் இருந்த நாளில். ஆகவே குருகுஹ முத்திரை தாங்கிய நொட்டுஸ்வரத்தை மணலி இளைஞர் எழுதியிருக்க முடியாது. காசியையும் கங்கையையும் கண்டு, வடநாட்டு த்ருபத் இசை கேட்டு, தம் சொந்தக் குரலைக் கண்டெடுத்துவிட்ட வாக்கேயக்காரர் எழுதியது அது. சின்ன வயதில் காதில் விழுந்த அந்நிய மெட்டுகளுக்கு அவர் முதிர்ந்த பிறகு திரும்பி வந்திருக்கிறார். காஞ்சி ஏகாம்பரநாதரும் மதுரை மீனாட்சியும் அந்தப் பாடல்களில் வருவதற்கும் இதுவே காரணம். அவர் நடந்து போய்த் தரிசித்த தெய்வங்கள் அவர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆள வந்தவனின் இசையில் மயங்கி ஒரு சின்னப் பையன் போட்ட நகல் என்று நொட்டுஸ்வரங்களை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கச்சேரியில் அவற்றைத் துக்கடாவாகக்கூடப் பாடத் தயங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பாடல்களுக்கு இது பெரிய அநீதி. நகல் எடுக்கிறவன் மெட்டோடு பாவனையையும் சேர்த்து எடுப்பான். தீட்சிதர் ரீலின் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து என்று சமஸ்கிருதத்தின் குறில் நெடிலை அதன்மேல் அடுக்கினார். குதிக்கும் இடத்தில் வல்லின ஒற்று குதிக்கிறது. நிற்கும் இடத்தில் நெடில் நிற்கிறது. சாகித்தியத்தை மட்டும் படித்தால் அது ஒரு தோத்திரம். மெட்டை மட்டும் வாசித்தால் அது ஒரு நடனம். சேர்த்துப் பாடும்போது குழந்தைக்கும் எளிதாக வாயில் நுழையும் ஒரு வழிபாடு.

தில்லிக் காலனிக்குப் பெயர் தந்த சரோஜினி நாயுடுவின் வாழ்விலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. பதினாறு வயதில் இங்கிலாந்து போனவர், அந்நாட்டுப் பறவைகளையும் பூக்களையும் பாடி எழுதிய கவிதைகளை எட்மண்ட் காஸ் என்ற விமர்சகரிடம் காட்டினார். இதெல்லாம் எங்களிடம் நிறைய இருக்கிறது, உன் நாட்டின் மலையையும் கோயிலையும் மக்களையும் எழுது என்றார் காஸ். சரோஜினி எழுதினார். அதே யோசனையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பு யாரும் சொல்லாமலே தீட்சிதர் செய்து முடித்திருந்தார்.

உலகத்தின் மறுமுனையில், ஏறக்குறைய அதே காலத்தில், இதே வேலையை இன்னொருவரும் செய்துகொண்டிருந்தார். அவர் ஒரு குடியானவர் மகன்.

எடின்பரோவுக்குப் போன பாட்டுகள்

ராபர்ட் பர்ன்ஸ் 1759-இல் பிறந்தார். நிலம் கைகொடுக்காமல் 1786-இல் ஜமைக்காவுக்குக் கப்பலேற முடிவு செய்தவர், முதல் கவிதை நூல் பெற்ற வரவேற்பால் நின்றார். எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் என்ற செதுக்குக்காரர் ஸ்காட்லாந்துப் பாட்டுகளைத் திரட்டி அச்சிட்டுக்கொண்டிருந்தார். பர்ன்ஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். பிடில்காரர்கள் வாசிக்கும் நடன மெட்டுகளைக் கேட்பார். பாதி மறந்துபோன பழைய அடிகளைத் தேடுவார். இல்லாத இடத்தைத் தாமே நிரப்புவார். காசு வாங்கவில்லை. இந்த வேலையிலேயே 1796 ஜூலை 21 அன்று 37 வயதில் இறந்தார்.

உலகம் முழுக்கப் புத்தாண்டு இரவில் பாடப்படும் ‘ஆல்டு லாங் சைன்’ அப்படி வந்த பாட்டுதான். 1711-லேயே அதன் ஒரு பழைய வடிவம் அச்சில் இருந்தது. பர்ன்ஸ் 1788-இல் தம் வடிவத்தை எழுதினார். ஒரு கிழவர் பாடக் கேட்டு எடுத்தது என்று பின்னர் கடிதத்தில் சொன்னார். அவர் இறந்த பிறகு, 1796 முடிவில், வேறொரு மெட்டோடு அது அச்சேறியது. நாம் இன்று கேட்கும் மெட்டை 1799-இல் ஜார்ஜ் தாம்சன் என்ற பதிப்பாளர் சேர்த்தார். அந்த மெட்டும் ஒரு நடன மெட்டு. ஆக, சொல் ஒருவருடையது, அடி இன்னொருவருடையது, மெட்டு யாரோ ஒரு பிடில்காரருடையது.

அந்த மெட்டு தில்லிக்கும் வந்தது. 1878-இல் இங்கிலாந்து போன இளம் ரவீந்திரநாதர், அதற்குப் பழைய நாட்களை நினைக்கும் ஒரு வங்கப் பாட்டை எழுதினார். சரோஜினி நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சித்தரஞ்சன் பார்க்கில், வங்காளிக் குடும்பங்களின் எந்தப் பிரிவுபசாரத்திலும் அதைக் கேட்கலாம். டேராடூன் ராணுவக் கழகத்தில் பயிற்சி முடித்த இளைஞர்கள் கடைசி அடி எடுத்துவைத்து அதிகாரிகளாவதும் அதே மெட்டில்தான்.

பர்ன்ஸும் தீட்சிதரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவர் கையிலும் சிக்கியது ஒரே ஸ்காட்லாந்து பிடிலின் ஓசை. ஒருவர் அதில் நண்பனையும் காதலியையும் வைத்தார். மற்றவர் தெய்வத்தை வைத்தார். ஒரு நாட்டுப்பாட்டின் மூலத்தைத் தேடிப் போகிறவர்கள் ஓர் ஊரையும் ஒரு முதல் ஆளையும் கண்டுபிடித்துவிட்டால் தேடல் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்கை தீவில் அதை ஆடியவனும், அமெரிக்க மலையில் பெயர் மாற்றியவனும், அதற்குச் சாகித்தியம் தந்த தீட்சிதரும், குவார்ட்டர்ஸ் முன்கூடத்தில் அதைக் குழந்தையின் வாயில் ஏற்றிய மாமியும் அந்தப் பாட்டின் மூலத்தில் பங்குள்ளவர்கள்.

ஆனால் தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் மறைந்தார். மேற்கத்திய மெட்டின் பெயரை அவர் பாட்டில் எழுதிவைக்கவில்லை. அப்படியானால் ‘ஜகதீச குருகுஹ’, மெக்டொனால்டு பிரபுவின் ரீல் என்று நமக்குச் சொன்னது யார்?

ஒரு குமாஸ்தாவின் கண்கள்

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் சி. பி. பிரவுன் திரட்டிய சுவடிகள் இருக்கின்றன. தெலுங்குக்கு அகராதி தந்த அதே பிரவுன். காலின் மெக்கன்சியின் சுவடிகளில் லண்டனுக்குப் போய்த் தூசி படிந்து கிடந்தவற்றைத் தேடி எடுத்துச் சென்னைக்குத் திருப்பி அனுப்பச் செய்தவரும் அவர்தான். பிரவுன் சேர்த்தவற்றில், தீட்சிதரின் இந்தப் பாடல்கள் சில, எந்த ஆங்கில மெட்டுக்கு எழுதியவை என்ற குறிப்போடு தெலுங்கு எழுத்தில் இருக்கின்றன. கடலோடி வந்த மெட்டுகளின் பிறப்புச் சான்றிதழ் அந்த ஏடு.

பாடலை அச்சில் காப்பாற்றியவர் ஓர் அரசு ஊழியர். ஏ. எம். சின்னசாமி முதலியார், கிறிஸ்தவத் தமிழர், சென்னைச் செயலகத்தில் வேலை பார்த்தவர். நம் கீர்த்தனைகளை மேற்கத்திய இசைக் குறிப்பில் எழுதி உலகுக்குக் காட்ட வேண்டும் என்ற வெறி அவருக்கு. 1893-இல் அதற்கென ஒரு நூல் வெளியிட்டார். கைப்பணத்தைக் கரைத்தார். இரவும் பகலும் எழுதியதில் கண்பார்வை போயிற்று. தம்மால் இனி முடியாது என்று தெரிந்தபோது, பாலுசுவாமியின் பேரனும் சுவீகாரப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதரிடம், உங்களிடம் இருப்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று மன்றாடினார். எட்டயபுரம் சமஸ்தானம் துணை நின்றது. 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. அதை அடுத்து, முதல் பாடம் கற்பவர்களுக்காகச் சுப்பராம தீட்சிதர் செய்த நூலில் நொட்டுஸ்வரங்கள் இடம்பெற்றன.

அலுவலகக் கோப்பைக் கட்டி வைத்துவிட்டு வீட்டில் சுரம் எழுதிய அந்தச் சின்னசாமி முதலியாரின் வழிவந்தவர்கள்தான், வடக்கே வேலைக்குப் போய் மாலையில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தந்த தமிழ்க் குடும்பங்கள். கல்கத்தாவில் தீட்சிதர் கிருதிகளைக் கற்பித்துப் பதிப்பித்த நிலையத்துக்குக் குருகுஹ கான வித்யாலயா என்றே பெயர் வைத்தார்கள். தில்லியில் அப்படிப் பெயர் வைக்காத வகுப்புகள் எத்தனையோ. இன்று சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ் இடிபட்டு, அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அந்த வீடுகளில் பாடம் கேட்டவர்கள் தங்கள் ஆசிரியரின் பெயரையும், என்ன பாட்டு எந்த ஆண்டு கற்றோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சின்னசாமி முதலியார் எழுதாமல் இருந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

ஸ்கை தீவின் கணக்கு தீர்ந்தது. மெட்டு கப்பலில் வந்தது, கோட்டையில் ஒலித்தது, திருத்தணிக்குப் பிறகு சாகித்தியம் பெற்றது, ஏட்டில் தங்கியது.

ஆனால் நொட்டுஸ்வரங்களின் பட்டியலில் இன்னொரு வரி கண்ணை உறுத்துகிறது. ‘பீதவர்ணம் பஜே’ என்ற பாடலுக்கு எதிரே உள்ள மெட்டின் பெயர் ‘தாஸா ப தாஸா’. அது ஆங்கிலம் இல்லை, ஸ்காட்லாந்து இல்லை, பிரெஞ்சும் இல்லை. பாரசீகம்! ஷிராஸ் நகரத்துக் கவி ஹாஃபிஸின் பெயரால் வழங்கும் கஜல் அது. வட இந்திய அவைகளில் பாடகிகள் பாடி, ஆங்கிலேயப் பெண்கள் அதைக் கேட்டு ஹார்ப்சிகார்டில் வாசித்து, 1789-இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பேர்டு அச்சிட்ட நூலில் ஏறிய மெட்டு.

அப்படியானால் தீட்சிதர் அதை எங்கே கேட்டார்? வெள்ளைக்காரர் கைக்குப் போய் வேடம் மாறிச் சென்னைக் கோட்டையில் ஒலித்தபோதா? அல்லது காசியில், கங்கைக் கரையில், அதை உயிரோடு பாடிய ஒரு வடநாட்டுக் குரலிலிருந்தா?

அந்தக் குரலைத் தேடி அடுத்த வாரம் லக்னோவுக்குப் போகிறோம். அங்கே ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, புகழ்பெற்ற பாடகி ஒருத்தியின் எதிரே ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்திருக்கிறார்.

(தொடரும்)